லாயத்துக்குக் குடிபோனவள்

பாகப்பிரிவினையில் டோர்கிலுக்கு மாளிகை,
எனக்கு வண்டிப்புரை.
நடுவே முற்றம், காய்க்காத ஒரு பேரி மரம்,
நாற்பத்தோரு தப்படி.
வக்கீல் இரண்டு முறை கேட்டார்:
"நிச்சயமாகத்தானா, இஷ்பெல்?
அது குதிரை கட்டிய இடம்."
பதினெட்டு வருஷம் நானும்
கட்டிப்போட்டுத்தான் நின்றேன் என்று
நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.
அவர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறவர்.

எடின்பரோவில் லாயங்களுக்கு இப்போது ஏகக் கிராக்கி.
தரகர்கள் "குணமுள்ள வீடு" என்று விளம்பரம் எழுதுகிறார்கள்.
குணம் என்றால்,
மாடிக்குப் போகும் படி ஏணிக்குத் தம்பி.
குணம் என்றால், மாளிகைப் பக்கம் ஜன்னலே கிடையாது.
எஜமானி தோட்டத்தில் உலாவுவதை
வண்டிக்காரன் பார்த்துவிடக் கூடாதாம்.
ஆகவே டோர்கிலின் சமையலறை விளக்கு
எப்போது அணைகிறது, யாருக்காக எரிகிறது
எதுவும் எனக்குத் தெரியாது.
அந்தச் சுவருக்கு மட்டும்
தனியாகக் காசு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

கதவோ கோச்சு வண்டி நுழைகிற அகலம்.
ஓர் ஆளுக்கு ரொம்ப அதிகம்.
ஒரு பாதியைத் தள்ளி
ரொட்டியும் பாலுமாக நான் உள்ளே போன பிறகும்
பின்னால் இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல்
கொஞ்ச நேரம் திறந்தே நிற்கும்.

கட்டில் படியேற மறுத்தது.
வைக்கோல் தூக்கிய உத்தரத்தில் கயிறு போட்டு
கொத்தனார் ஸ்வாவோமிர் வெளியிலிருந்து இழுத்தார்.
சந்து முழுக்க நின்று பார்த்தது,
தூறலில் என் மெத்தை ஆடி ஆடி
ஆகாயத்துக்குப் போவதை.

தரை நடுவாய்க்காலை நோக்கிச் சரிகிறது,
மூத்திரம் ஓடுவதற்கு வைத்த வாட்டம்.
"மட்டம் பண்ணிவிடட்டுமா?" என்றார்.
வேண்டாம் என்றேன்.
கீழே விழுந்த எதையும் இப்போது நான் தேடுவதில்லை.
பட்டாணி, மாத்திரை, கழன்ற பொத்தான்,
உருண்டு போய் ஒரே இடத்தில் காத்திருக்கின்றன.

பழைய குடிக்கணக்கில் பார்த்தேன்.
மாடியில் வண்டிக்காரன் கில்லஸ்பி,
மனைவி, ஆறு பிள்ளைகள், ஒரே அடுப்பு.
எப்படி விறைத்துப் போகாமல் இருந்தார்கள்?
கீழே நான்கு குதிரைகள் மூச்சு விட்டிருக்கின்றன.
பலகை இடுக்குகளில் அந்தச் சூடு ஏறியிருக்கிறது.
இன்று அதே தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள்.
விடியற்காலை மூன்றுக்குப் பம்பு
ஒரு தடவை கனைத்துவிட்டு அடங்கும்.

சுவரில் பித்தளை மணி ஒன்று.
வண்டி பூட்டச் சொல்லி
மாளிகையிலிருந்து இழுக்கிற மணி.
செத்துப்போனது என்றார்கள், அழகுக்கு விட்டுவைத்தேன்.

ஜனவரியில், ராத்திரி பன்னிரண்டரைக்கு,
அது அடித்தது.

பூட்ஸைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு
நாற்பத்தோரு தப்படியும் ஓடினேன்.
மாரடைப்பு என்று நினைத்தேன்,
தீ என்று நினைத்தேன்.
எதற்கு ஓடினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்,
யார் இழுத்தாலும் ஓடியிருப்பேன்.

டோர்கில் கூடத்தில் நிற்கிறான்,
முழங்கால் வரை கிழிந்த சுவர்க்காகிதம், கையில் சுரண்டி.
கணப்புக்குப் பக்கத்தில் ஒரு பிடி பளபளக்கிறது.
"காகிதத்துக்குள் இருந்தது.
என்னவென்று இழுத்துப் பார்த்தேன்.
இன்னும் எங்கேயோ போகும் என்று நினைக்கவில்லை."

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
நானும் அவனும் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பச்சை,
அதற்கடியில் வேறு யாரோ ஒருத்தி
வேறு யாரோடோ சண்டை போட்ட நீலம்.
டீ போடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.
"உன் பூட்ஸ்..." என்றான்.
"தெரியும்" என்றேன்.

திரும்பி வந்து மணியின் நாக்கில்
ஒரு கம்பளிக் காலுறையைக் கட்டினேன்.
கம்பியை வெட்டவில்லை.
குறடு ஸ்வாவோமிரிடம் இருக்கிறது,
கேட்டு வாங்க வேண்டும்.